குற்றாலம் விழாக்கலை மரபு

தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் கோயிலையும் அருவியையும் ஒட்டி வளர்ந்த ஓவியம், ஆடல், நாடகம், திருவிழா ஆகியவற்றின் மரபு. வெளியூரிலிருந்து வந்து பார்ப்போரும் இம்மரபில் தொன்றுதொட்டு இடம்பெற்றுள்ளனர்.

சித்திர சபை

நடராசரின் ஐந்து அம்பலங்களுள் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் செம்பு, திருவாலங்காட்டில் மணி என்றால் இங்கே வண்ணம். குற்றாலநாதர் கோயிலுக்கு வெளியே, தெப்பக்குளக் கரையில் தனித்து நிற்கும் இச்சபையில் கூத்தன் சிலையாக இல்லை, சுவரோவியமாக ஆடுகிறான். மார்கழித் திருவாதிரையில் அந்த ஓவியத்துக்கே தாண்டவ தீபாராதனை நடக்கிறது.

குறவஞ்சி

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' எனப்படுகிறது. தெருவில் பந்தாடும் வசந்தவல்லி, உலா வரும் இறைவனைக் கண்டு மையல் கொள்கிறாள். ஊர் ஊராய்த் திரிந்து வந்த குறத்தி சிங்கி அவளுக்குக் குறி சொல்கிறாள். விழாக் காட்சியில் தொடங்கும் இக்கதை வழிப்போக்கியின் வாய்மொழியால் நகர்கிறது. 1944இல் ருக்மிணி தேவி இதைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக்கினார்.

நாடகமும் ரசனையும்

அருகிலுள்ள செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டும் குரலால் இசை நாடகத்தை ஆண்டார். 1933இல், 27 வயதில் மறைந்தார். குற்றாலத்தில் குடியேறிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டுக்கு ராஜாஜி, கல்கி உள்ளிட்டோர் விருந்தினராக வந்தனர். அருவிக் குளியலுக்குப் பின் கவிதை பேசுவது அங்கே வழக்கமாயிற்று.

சாரல் திருவிழா

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் 'சீசன்'. கோயிலின் பெருவிழாக்களான சித்திரை விசு, ஐப்பசி விசு, திருவாதிரை மூன்றும் இக்காலத்துக்கு வெளியே அமைகின்றன. ஆகவே அருவிக்கு வருவோர் கோயில் விழாவைக் காண்பது அரிது. அந்த இடைவெளியில் அரசு நடத்துவது சாரல் திருவிழா. கலைவாணர் அரங்கில் கரகம், நையாண்டி மேளம், பரதம் நடக்கும். கொழுகொழு குழந்தைகள் போட்டி, நாய்கள் கண்காட்சி ஆகியவையும் உண்டு. தோளில் ஈரத்துண்டோடு வருபவர்களே இதன் அவை.

இதே பருவத்தில் மாவட்டத்தின் சங்கரன்கோவிலில் கோமதியம்மனின் ஆடித்தபசு நடக்கிறது. குளிக்க வந்தவர் கோயில் விழாவும் காண விரும்பினால், சீசனில் அதற்கு இது ஒரு வழி.