கட்டியும் காலமும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு

1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டபோது, திருத்தணி தமிழகத்தில் இல்லை. அது ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைப் போராட்டத்தின் கதையை நம் வாசகர்கள் நன்கறிவர். நாம் இங்கே சொல்ல முற்படுவது வேறோர் எல்லையின் கதை. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் மார்பில் கட்டியொன்று தட்டுப்பட்ட பெண்ணுக்கும், அதைக் குணப்படுத்தக்கூடிய மருத்துவத்துக்கும் இடையே கிடக்கும் எல்லை அது. சாலையும் ரயிலும் வந்த பிறகும் அவ்வெல்லை முற்றாக அழிந்துவிடவில்லை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். மேலை மொழிகள் இந்நோய்க்கு நண்டின் பெயரைச் சூட்டின. கட்டியிலிருந்து பிரிந்தோடும் நரம்புகள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியதால் கிரேக்க மருத்துவர்கள் அப்படி அழைத்தனர் என்பர். தமிழ் புற்றைக் கண்டது. வெளியே சிறு மேடு, உள்ளே எங்கெங்கோ கிளைத்தோடும் அறைகள். நோயின் இயல்பைச் சொல்வதில் இரண்டாவது உவமை இன்னும் நெருக்கமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் உவமை அச்சத்தையும் கூடவே கொண்டுவந்தது. புற்றைத் தொடக்கூடாது, தொட்டால் உள்ளிருப்பது வெளிவரும் என்பது நம் ஊர்களின் பழைய அச்சம். கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் பரவிவிடும் என்று இந்நோயைப் பற்றி இன்றும் சொல்லப்படுவதில் அந்த அச்சத்தின் சாயலைக் காணலாம். ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தச் சோதனை இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவே முடியாது.

கத்தியைக் கண்டு அஞ்சியதற்கு நியாயமான காரணம் இருந்த காலமும் உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பரில் பாரிஸில் மார்பகம் அகற்றப்பட்டது. மயக்க மருந்து கிடையாது. அந்த அனுபவத்தை அவர் தம் சகோதரிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். நோயாளியே எழுதிய மருத்துவ ஆவணங்களில் அதற்கு இணையானவை சில மட்டுமே. அதன்பின் அவர் 1840 வரை வாழ்ந்தார். அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1804இல், ஜப்பானில் ஹனாவோகா செய்ஷூ என்ற மருத்துவர் மூலிகைக் கலவையால் நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். அறுபது வயதான அப்பெண் வலியில்லாமல் அறுவையைக் கடந்தார். ஆயினும் சில மாதங்களே உயிர் வாழ்ந்தார். வலியை வெல்வது ஒன்று, நோயை வெல்வது இன்னொன்று என்பதை இவ்விரு பெண்களின் கதைகளும் காட்டுகின்றன.

நோயை வெல்லக் கத்தி மேலும் மேலும் ஆழமாகச் சென்றது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட கட்டுரை, மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் ஒரே தொகுதியாக அகற்றும் முறையை நிலைநாட்டியது. நோய் மார்பிலிருந்து அடுத்த இடத்துக்கு ஒழுங்காகப் படிப்படியாக நகர்கிறது, ஆகவே அகல வெட்டினால் வேரோடு போய்விடும் என்பது அதன் பின்னிருந்த நம்பிக்கை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்த நம்பிக்கையே ஆட்சி செய்தது. பெண்கள் உயிரோடு மீண்டாலும் தோள் ஒடுங்கிக் கை வீங்கி வாழ்ந்தனர்.

இக்காலத்தில்தான் சென்னையில் ஒரு மருத்துவர் இந்நோயை எதிர்க்கத் துணிந்தார். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927இல் சட்ட மேலவைக்குச் சென்றவர். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவரை நாம் நினைவுகூர்கிறோம். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தது அவர் வாழ்வின் இன்னொரு பாதியைத் தீர்மானித்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பேசினார். அது கைகூட ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆயின. அந்நோய் கண்டவர்கள் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடமும் இருந்ததை மருத்துவர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். தென்னிந்தியாவின் முதல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955 ஏப்ரலில் வி.சாந்தா அவரோடு சேர்ந்தார். மகப்பேற்று மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்று, அரசு மகளிர் மருத்துவமனையில் பணியும் உறுதியாகியிருந்த நிலையில் அதை விட்டுவிட்டு, படுக்கைகள் 12 மட்டுமே கொண்ட இடத்துக்கு வந்தவர் அவர். முதல் மூன்றாண்டுகள் ஊதியமில்லை. அவ்வளாகத்திலேயே குடியேறியவர் 2021 ஜனவரி 19இல் மறையும்வரை அந்த மருத்துவமனையோடேயே வாழ்ந்தார்.

அடையாறு செய்த மருத்துவப் பங்களிப்பை விளங்கிக்கொள்ள அங்கு வந்த பெண்களின் நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். ஹால்ஸ்டெட்டின் கத்திக்கு உரிய சிறு கட்டியோடு வந்தவர்கள் குறைவு. கட்டி பெருத்து, தோலில் புண்ணாகி, அக்குளில் நெறி கட்டிய பிறகே பலர் வந்தனர். அவர்களுக்கு முதலில் கத்தியை எடுப்பதில் பயனில்லை. எனவே கதிர்வீச்சையும் மருந்தையும் முன்னதாகக் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்யும் கூட்டுச் சிகிச்சையை அடையாறு வளர்த்தெடுத்தது. கனடாவிலிருந்து வந்த கோபால்ட் கருவி 1950களின் பிற்பகுதியிலேயே அங்கே இயங்கத் தொடங்கியிருந்தது. தாமதமாக வந்தவருக்கும் ஒரு வழி உண்டு என்பதே அச்சிகிச்சையின் பொருள்.

மேலை நாடுகளில் இதே காலத்தில் கத்தி பின்வாங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய ஒப்பாய்வுகள், சிறு கட்டியாயின் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுத் தருவதும் மார்பகம் முழுவதையும் அகற்றுவதும் உயிர்வாழும் காலத்தில் சமமே என்று காட்டின. 2002இல் வெளியான இருபதாண்டு முடிவுகள் அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தன. காரணம் இதுதான்: நோய் ஒழுங்காக அடுத்த இடத்துக்கு நகர்வதில்லை, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியே சென்றிருக்கலாம். அவற்றை வெட்டி எடுக்க முடியாது, மருந்தால்தான் பிடிக்க வேண்டும். மிலான் நகரின் போனடோனா 1976இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக்குப் பின் மருந்துக் கலவை தருவதன் பயனை நிறுவியது.

இன்று ஒரு பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கட்டியின் அளவும், பரவலும், அதன் அணுக்களின் இயல்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அணுக்கள் பெண்மை ஹார்மோன்களை ஏற்று வளர்பவையாயின் அந்த வழியை அடைக்கும் மாத்திரைகள் ஐந்து முதல் பத்தாண்டுகள்வரை தரப்படும். அவற்றுள் மூத்ததான தமாக்சிஃபென், 1962இல் கருத்தடை மாத்திரையாகும் என்று உருவாக்கப்பட்டு அதில் தோற்று, பின்னர் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. அணுக்களின் மேல் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருந்தால் அதற்கென 1998இல் வந்த டிராஸ்டுசுமாப் உண்டு. ஒரு காலத்தில் அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாதது. 2014 முதல் உள்நாட்டில் செய்யப்பட்ட நிகர் மருந்து கிடைக்கத் தொடங்கியபின் நிலைமை ஓரளவு மாறியது. இவை எதையும் ஏற்காத வகையும் உண்டு. அதற்குக் கீமோ எனப்படும் வேதிமருந்துகளே பெரும் துணை. அறுவை, நம் மக்கள் 'கரண்டு வைத்தல்' என்று சொல்லும் கதிர்வீச்சு, மருந்து ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. முடி கொட்டுகிறது, உடல் தாங்கவில்லை, கட்டி கரைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவோருக்கு நோய் திரும்பும் அபாயம் பெரிது.

இனி, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு? 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 98,000 பேர் இறந்தனர் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. நோய் கண்டு ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடிருப்போரின் விகிதத்தை மருத்துவர்கள் அளவுகோலாகக் கொள்கின்றனர். 2010க்கும் 2014க்கும் இடையே நோய் கண்டவர்களில் அது அமெரிக்காவில் 90 விழுக்காடு, இந்தியாவில் 66 விழுக்காடு. இந்தியப் பதிவேடுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு இந்த 66ஐப் பிரித்துக் காட்டுகிறது: நோய் மார்பகத்துக்குள் இருக்கையில் வந்தவர்களில் 81, அக்குள்வரை பரவியபின் 65, தொலைவிலுள்ள உறுப்புகளை எட்டியபின் 18. மருத்துவமனைகளும் மருந்துகளும் அதே நாட்டைச் சேர்ந்தவைதாம். எண்பத்தொன்றைப் பதினெட்டாக்குவதில் நோயின் தன்மைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு காலத்துக்கு உரியது.

அக்காலம் எங்கே கழிகிறது? தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை; வலிக்காததற்கு எதற்கு மருத்துவர் என்று சில மாதங்கள். அறுவடை, பிள்ளையின் தேர்வு, மகளின் திருமணம் என்று சில மாதங்கள். நாட்டு வைத்தியம், பற்று என்று சில மாதங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் வெட்கம் இருக்கிறது. இலக்கிய வாசகர்களாகிய நாம் இங்கே சற்று நிற்கவேண்டும். பெண்ணின் மார்பைத் தமிழ் பாடிய அளவு பாடிய மொழிகள் குறைவு. கண்ணகி அதைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். திருத்தணியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் கடக்கும் திருவாலங்காட்டில், காரைக்கால் அம்மையார் வற்றிச் சுருங்கிய மார்புடைய பேயுருவைத் தயக்கமின்றிப் பாடினார். ஆயினும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஆண் மருத்துவர் முன் அமரும் பெண்ணுக்கு அவ்வுறுப்பின் பெயர் வாயில் வருவதில்லை. 'நெஞ்சுல ஏதோ இருக்கு' என்கிறாள். காவியச் சொற்கள் அவளுக்குக் கூச்சம் தருபவை. பேச்சுச் சொற்கள் வசையாகிவிட்டவை. நோயைச் சொல்வதற்கு ஒரு எளிய சொல்லை நம் மொழி அவளுக்குக் கொடுக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் பெரிய கருவிகள் தேவையில்லை என்பதற்கு மும்பையில் சான்று உண்டு. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபதாண்டுகள் நடத்திய ஆய்வில், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பரிசோதித்தனர். நோய் முன்னதாகவே பிடிபட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் இறப்பில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021இல் வெளியான அம்முடிவு நம்மைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமானது. தமிழக அரசு வீடு தேடிச் சென்று புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டத்தை 2023இல் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில், திருத்தணிக்கு அண்டையிலுள்ள இராணிப்பேட்டையும் ஒன்று.

இன்று இப்பகுதிப் பெண்ணுக்கு வழிகள் உண்டு. அடையாறு உண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உண்டு, புற்றுநோயால் 1969இல் மறைந்த அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அரசு மருத்துவமனை உண்டு, அரசின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இவற்றில் ஒன்றின் வாயிலை அவள் எந்த மாதத்தில் மிதிக்கிறாள் என்பதே கேள்வி.

சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை அடையாறு பேணிவருகிறது. சிகிச்சை முடிந்து போனவர்கள் என்ன ஆனார்கள் என்றறிய அதன் பணியாளர்கள் தெருத்தெருவாகச் சென்று வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 1980களில் மார்பகப் புற்று கண்டவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேரே உயிரோடிருந்தனர் என்பது அப்படித் தெரியவந்தது. அன்றைய பாதி இன்று மூன்றில் இரண்டாகியிருக்கிறது. இறக்கத்தானே போகிறார்கள் என்று சொல்லப்பட்ட நோய்க்கு இது சிறிய மாற்றமன்று. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கில் பலரையும் மீட்கப் புதிய மருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்கள் கட்டியைப் பற்றி முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லவும், அதைக் கேட்டவர்கள் அந்த வாரத்திலேயே அவர்களோடு புறப்படவும் வேண்டும்.