பேராலயக் கணக்குகளைக் காத்த ஜப்பானியர்

பதினேழாம் நூற்றாண்டில், இன்றைய மெக்சிகோவின் குவாதலஹாரா பேராலய வருவாயை நிர்வகித்தவர் ஒரு ஜப்பானியர். ஹுவான் தே பயெஸ் என்னும் அவ்வணிகர் ஏறத்தாழ 1608இல் ஒசாகாவில் பிறந்து, இளமையிலேயே கடல் கடந்து வந்தவர்.

அவருக்கு அங்கே வழி திறந்தவர் மாமனார் லூயிஸ் தே என்சியோ. ஃபுகுச்சி என்பது அவருடைய பிறந்தகத்துக் குடிப்பெயர். சிற்றூர்களில் சில்லறைச் சாமான்கள் விற்றுத் தொழில் தொடங்கிய அவர், 1634இல் ஸ்பானியர் ஒருவரோடு கூட்டு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வேட்டில் அவர் இட்ட கையொப்பம் ஜப்பானிய எழுத்துகளில் இருக்கிறது. அடுத்த ஆண்டே, வெளிநாடு சென்ற ஜப்பானியர் தாயகம் திரும்பினால் மரண தண்டனை என ஷோகுன் ஆட்சி ஆணையிட்டது. திரும்பிச் செல்லும் கதவு அடைபடவிருந்த வேளையில் எழுதப்பட்ட அவ்வெழுத்துகளைச் சாதாரணக் கையொப்பமாகக் கருத மனம் வரவில்லை.

மணிலாவிலிருந்து அகாபுல்கோ துறைக்கு வந்த ஸ்பானியக் கப்பல்களில் ஆசியர் பலர் அடிமைகளாகவே கொண்டுவரப்பட்டனர். இந்தியக் கரையோரத்தவர் உட்பட அனைவருக்கும் அங்கே 'சீனர்' என்ற ஒரே பெயர்தான். அவர்களது அடிமைத்தளை சட்டப்படி அறுந்தது 1672இல். நிறமும் பிறப்பும் மனிதரைத் தரம் பிரித்த அச்சமூகத்தில் இவ்விரு ஜப்பானியரும் மதிப்புக்குரிய வணிகராய் உயர்ந்தது எளிய செய்தியன்று.

1640களில் தென்னைமதுவும் மெஸ்கால் சாராயமும் விற்கும் தனியுரிமை என்சியோவிடம் இருந்தது. தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்கும் கலையை அந்நாட்டுக்குக் கொண்டுசென்றவர்கள் பிலிப்பைன்ஸ் மக்கள். சாராயக் குத்தகைக்காரரின் மருமகனிடமா ஆலயக் கணக்கு என்று நம் பங்கு மக்கள் புருவம் உயர்த்தக்கூடும்! குவாதலஹாராவின் குருக்கள் அப்படி எண்ணவில்லை. என்சியோவின் மகள் மார்கரீத்தாவை மணந்த பயெஸை 1654இல் பேராலய வருவாய்க்குப் பொறுப்பாளராக்கினர். இறக்கும் தறுவாயில் இருந்தோர் பலரும் தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். தமக்குப்பின் மனைவி மக்களின் பங்கை ஒருவர் கையில் விட்டுச்செல்வதைவிடப் பெரிய நம்பிக்கை வேறென்ன?

அவர் ஆலயக் கணக்கெழுதிய அதே ஆண்டுகளில், ஜப்பானில் ஒவ்வொரு குடும்பமும் தான் கிறிஸ்தவக் குடும்பம் அன்று எனப் புத்த மடத்தின் சான்று பெறவேண்டியிருந்தது. பயெஸ் 1675இல் மறைந்தார். அப்பேராலயத்திற்குள்ளேயே அவரை அடக்கம் செய்தனர்.