மிதிவண்டி நெரிசலும் வழித்தேர்வும்

எந்தச் சாலையில் எவ்வளவு போக்குவரத்து சேரும் என்று முன்கணிக்கும் கணித மாதிரிகள் காரை மனத்தில் வைத்தே வளர்ந்தவை. தான் மட்டும் வழி மாறுவதால் எவருக்கும் நேரம் மிச்சமாகாத நிலை வரும்வரை வண்டிகள் பல வழிகளில் பிரிந்து செல்லும் என்பது 1952-இல் ஜான் வார்ட்ராப் வகுத்த சமநிலை. அதனுடன் சேர்த்துப் பயன்படுவது அமெரிக்கப் பொதுச் சாலைகள் துறையின் 1964-ஆம் ஆண்டுச் சூத்திரம். வண்டிகளின் எண்ணிக்கை சாலையின் கொள்ளளவைத் தொடும்போது பயண நேரம் 15 விழுக்காடு கூடும், அதற்குமேல் மளமளவென ஏறும் என்கிறது அது. மிதிவண்டிக்கு இடம் கொடுத்த மாதிரிகளும் பெரும்பாலும் அதற்கு ஒரே வேகத்தை ஒதுக்கி, நெரிசலைக் கணக்கில் சேர்க்காமலே விட்டன. மிதிவண்டிகள் குறைவாக ஓடும் ஊரில் இதனால் பெரிய பிழை வராது. வார நாள்களில் 40,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் கடக்கும் கோபன்ஹேகனின் டிரோனிங் லூயிசஸ் பாலத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

அங்கே கார்ச் சூத்திரத்தை அப்படியே பொருத்தினாலும் விடை கிடைக்காது. நெரிசலில் கார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. மிதிவண்டியில் வேகம் ஓட்டுபவரின் உடலைப் பொறுத்தது. முன்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சரக்கு மிதிவண்டியும், மணிக்கு 25 கி.மீ. வரை மோட்டார் கைகொடுக்கும் மின்மிதிவண்டியும் ஒரே தடத்தில் போகின்றன. முந்த இடமில்லாத குறுகிய தடத்தில், கூட்டம் மிகக் குறைவாக இருக்கும்போதே வேகமாகப் போகிறவர் தாமதப்படுகிறார். மெதுவாகப் போகிறவர் எதையும் இழப்பதில்லை. ஆகவே இங்கே நெரிசலை உண்டாக்குவது எண்ணிக்கை மட்டுமன்று, வேக வேறுபாடும் தட அகலமும் சேர்ந்துதான். சராசரி நேரம் தரும் சூத்திரத்தில் இது மறைந்துபோகும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாட்ஸ் பால்சனும் உடனாய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட மாதிரி இந்த இடத்தில்தான் கைவைத்தது. அதில் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு விருப்ப வேகம் உண்டு. தடத்தின் அகலம் இணை வரிசைகளாகப் பகுக்கப்படுகிறது. முன்னால் இருப்பவரைத் தாண்ட வரிசை கிடைக்காதவர் அவர் பின்னாலேயே போக வேண்டும்.

சில நொடித் தாமதத்துக்கு இவ்வளவு கணக்கா, மிதிவண்டிக்காரர் வழியைத் தேர்வது நேரத்தைப் பார்த்தா என்ற மறுப்பு எழும். அதில் பாதி சரி. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 164 பேரின் பயணங்களை ஜிபிஎஸ் கொண்டு பதிந்த ஆய்வு (2012), தூரத்தோடு ஏற்றம், திருப்பங்கள், கார்ப் போக்குவரத்து ஆகியவையும் வழித்தேர்வில் கனமாக நிற்பதைக் காட்டியது. நல்ல மிதிவண்டித் தடத்துக்காகச் சுற்றிப் போகவும் மக்கள் தயங்கவில்லை. ஆனால் இந்தச் சான்று மறுப்பவருக்கே எதிராகவும் திரும்புகிறது. வசதிக்காகச் சுற்றிப் போகிறவருக்கு, முன்னும் பின்னும் ஒட்டிய கூட்டத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே ஓட்டுவதும் வசதிக்குறைவுதான். எல்லோரும் விரும்பும் நல்ல தடம், விரும்பப்படுவதாலேயே நெரிகிறது. நெரிசலை விட்டுவிட்ட மாதிரி அத்தடத்துக்கு மேலும் ஆள்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்; அதை அகலப்படுத்துவதா, பக்கத்தில் இன்னொன்று போடுவதா என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. கோபன்ஹேகன் நகராட்சி 2011–2025 மிதிவண்டித் திட்டத்தில் முதன்மை வழிகளுக்கு வைத்த இலக்கு, ஒவ்வொரு திசையிலும் மூன்று வரிசை அகலம்: இருவர் பேசிக்கொண்டு இணையாகப் போக, மூன்றாமவர் முந்திச் செல்ல.