துபாய்க் கடைத்தெருவில் நம் ரூபாய் செல்லுபடியான காலம்

போன மாதம் என் அண்ணன் மகன் வேலைக்காக மஸ்கட் கிளம்பினான். பெட்டி கட்டும்போது கேட்டான்: "சித்தப்பா, நம்ம ரூபாயைக் கொண்டுபோனா அங்க கடையில வாங்குவாங்களா?" வாங்க மாட்டார்கள், மாற்றித்தான் செலவழிக்கணும் என்றேன். ஆனால் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த காலத்தில் இதே கேள்விக்கு "வாங்குவார்கள்" என்பதுதான் பதில். அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், மஸ்கட் எல்லா இடத்திலும் அப்போது இந்திய ரூபாய்தான் புழங்கியது. வளைகுடாப் பகுதியை ஆங்கிலேயர்கள் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தே மேற்பார்வையிட்டார்கள். அங்கே எடுத்த முத்துக்கும் பம்பாய்தான் பெரிய சந்தை. 1947-க்குப் பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. தமிழில் 'பத்து ரூபாய்' என்றும் அச்சிட்ட நோட்டைக் கொடுத்துத் துபாய்க் கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கலாம். யோசித்துப் பாருங்கள்!

சிக்கல் தங்கத்தால் வந்தது. இந்தியாவில் தங்கம் உலகச் சந்தையைவிட விலை அதிகம். கடத்தல்காரர்கள் வளைகுடாவிலிருந்து தங்கத்தைக் கொண்டுவந்து இங்கே விற்று, கிடைத்த ரூபாய் நோட்டுகளைத் திரும்ப அங்கே கொண்டுபோனார்கள். அந்த நோட்டுகள் அங்குள்ள வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே வந்து சேரும். பதிலுக்கு நாம் பிரிட்டிஷ் பவுன் கொடுக்க வேண்டும். கடத்தல் தங்கத்துக்கு நாமே அன்னியச் செலாவணி கட்டிய கதை இது.

இதைத் தடுக்க 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டார்கள். நம் நோட்டின் அதே வடிவம், வேறு நிறம், எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. மதிப்பு சமம்தான், ஆனால் இந்தியாவுக்குள் செல்லாது. ஹஜ் பயணிகளுக்கும் இப்படித் தனி நோட்டு இருந்தது.

குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் சொந்த தினாருக்கு மாறிக்கொண்டன. மற்றவர்கள் ரூபாயிலேயே இருந்தார்கள். 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆனது. முதல் நாள் 100 ரூபாய் வைத்திருந்தவர் கையில் 21 டாலர் மதிப்பு இருந்தது. மறுநாள் அதே நோட்டுக்கு 13 டாலர் சொச்சம். முடிவெடுத்தது டெல்லி. அந்த ரூபாயைக் கையில் வைத்திருந்த துபாய் வியாபாரியை யார் கேட்டார்கள்?

கத்தாரும் துபாயும் சேர்ந்து புது ரியால் கொண்டுவர ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தன. நோட்டு அச்சாகி வரவில்லை. அதுவரை சவுதி ரியாலை வாங்கிச் சமாளித்தார்கள். அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. புது ரியால் வந்தபோது அதற்கு வைத்த மதிப்பு, குறைப்புக்கு முந்தைய நம் ரூபாயின் மதிப்பேதான்! இன்றைய திர்ஹம் 1973-இல்தான் வந்தது.

கடைசிவரை விடாமல் வைத்திருந்தது ஓமன், 1970 வரை. ரூபாய் போனாலும் பைசா போகவில்லை. அரபியில் 'ப' ஓசை இல்லாததால் அது 'பைஸா' ஆகி இன்றும் இருக்கிறது, ஒரு ரியாலுக்கு 1000.

நேற்று மகன் மஸ்கட்டிலிருந்து பேசினான். "சித்தப்பா, கடையில மீதிக் காசுக்கு நூறுன்னு போட்ட நோட்டு குடுத்தாங்க. நூறு ரியால்னு நினைச்சு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். பார்த்தா நூறு பைசாவாம்!"