சாவி யார் கையில்?

ஒருவருக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா என்று மட்டும் ஓரிடத்தில் கேட்கிறார்கள். அவர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டுகிறார். கேட்டவருக்கு வயதோடு பெயர், தந்தை பெயர், முகவரி, கையெழுத்து யாவும் தெரிந்துவிடுகின்றன. கேட்டது ஒன்று, கொடுத்ததோ ஐந்து. மனிதர் பார்த்ததை மறந்துவிடுவார்; கணிப்பொறி மறப்பதில்லை. தேவையானதை மட்டும், தேவைப்பட்டவரிடம் மட்டும், நம் இசைவோடு காட்ட வழி உண்டா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றைக் காண்போம்.

வெளிவந்த பட்டியல்

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய முறையைச் செய்து காட்டினர். ஒரே கணிப்பொறியைப் பலர், தத்தம் தட்டச்சு முனையங்களில் அமர்ந்தவாறே, பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை அது. ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் அளிக்கப்பட்டது. சொல்லைச் சரிபார்க்க வேண்டுமானால் கணிப்பொறியிடமும் அதன் படி இருக்க வேண்டுமன்றோ? எனவே எல்லாக் கடவுச்சொற்களும் ஒரு பட்டியலில் வைக்கப்பட்டன.

1966-இல் ஒரு விபத்து நேர்ந்தது. ஒருவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் வேறொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதன்பின் கணிப்பொறியில் நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! இருவர் அறிந்த இரகசியம் இருவரில் எவரிடமிருந்தும் வெளியேறலாம் என்பதே இதன் பாடம்.

இரண்டு சாவிகள்

1976-இல் விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் இணையான இரண்டு சாவிகள். பொதுச் சாவியை ஊரறியக் கொடுத்துவிடலாம். தனிச் சாவி நம்மிடமே இருக்கும். எதிரிலுள்ள கணிப்பொறி புதிதாக ஓர் எண்ணை அனுப்புகிறது. அதன்மீது தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறோம். அது சரியா என்று பொதுச் சாவியால் சோதிக்கலாம். ஆனால் பொதுச் சாவியைக் கொண்டு அக்கையொப்பத்தை இட முடியாது. இரகசியம் நம் கையைவிட்டு நீங்குவதே இல்லை.

டேவிட் சௌம் என்னும் அறிஞர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். உட்புறம் கார்பன் தாள் ஒட்டிய ஓர் உறையை எண்ணிப் பாருங்கள். நம் தாளை அதில் இட்டு மூடி அதிகாரியிடம் தருகிறோம். அவர் உறையின் மேல் கையொப்பமிடுகிறார். கையொப்பம் உள்ளிருக்கும் தாளில் பதிகிறது. தாளை அவர் பார்க்கவில்லை. பின்னர் அத்தாளை வேறிடத்தில் காட்டினால், கையொப்பம் மெய்யென்று தெரியும். யாருக்கு, எப்போது இட்டது என்று அதிகாரியாலும் சொல்ல இயலாது. இதைக் கணிதத்தால் செய்யும் முறையை 1982-இல் அவர் கூறினார். ஒவ்வொரு நிறுவனத்திடமும் வெவ்வேறு பெயரில் பழகிக்கொண்டே, ஓரிடத்தில் பெற்ற சான்றை மற்றோரிடத்தில் காட்டலாம் என்று 1985-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்.

வலையில் நடந்த சோதனைகள்

உலகளாவிய வலை 1991-இல் பொதுப் பயனுக்கு வந்தபோது, வருபவர் யார் என்று அறியும் ஏற்பாடு அதன் அடிப்படையில் இல்லை. ஆகவே ஒவ்வோர் இணையதளமும் தனித்தனிக் கணக்குக் கேட்டது. 1999-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘பாஸ்போர்ட்’ என்னும் ஒரே கணக்கை அறிமுகப்படுத்தியது. வசதிதான், ஆயின் எல்லா வாயில்களுக்கும் ஒரே காவலர்! நாம் எங்கெங்கே நுழைகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

2005-இல் இரு மாற்று வழிகள் தோன்றின. பிராட் பிட்ஸ்பாட்ரிக் ‘ஓப்பன்ஐடி’ முறையை உருவாக்கினார். இதில் ஒருவருடைய வலை முகவரியே அவருடைய அடையாளம். தமக்குச் சான்று கூறுபவரை அவரே தேர்ந்தெடுக்கலாம்; விரும்பினால் தம் சொந்தக் கணிப்பொறியையே அதற்கு அமர்த்தலாம். அதே ஆண்டில், மைக்ரோசாப்டில் பணியாற்றிய கிம் கேமரூன் அடையாளத்தின் ஏழு விதிகளை வெளியிட்டார். பயனரின் இசைவு வேண்டும், மிகக் குறைந்த தகவலே போதும் என்பவை அவற்றுள் முதலிரண்டு. அவ்விதிகளையொட்டி ‘கார்டுஸ்பேஸ்’ என்னும் மென்பொருள் வந்தது. பணப்பையிலிருந்து அட்டையை எடுப்பதுபோல, வேண்டிய அடையாளத்தைத் திரையில் பயனரே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் 2011-இல் கார்டுஸ்பேஸ் கைவிடப்பட்டது. கணிதம் பிழைபட்டதாலன்று. அட்டையை ஏற்கும் தளங்கள் மிகச் சில. ஏற்பவர் இல்லாத அட்டையை யார் வைத்துக்கொள்வார்? மேலும், வருபவரைப் பற்றி நிறைய அறிவதில் தளங்களுக்கு இலாபம் இருந்தது. பெருநிறுவனங்களின் ‘எங்கள் கணக்கால் நுழைக’ என்னும் பொத்தான்கள் பரவின. பழைய காவலரே வேறு உடையில் திரும்பி வந்தார் எனலாம்.

முயற்சி அத்துடன் நிற்கவில்லை. தனிச் சாவி பயனரின் கருவியிலேயே தங்கும் நுழைவு முறை 2019-இல் வலையின் பொதுத் தரமாயிற்று. சரிபார்க்கத்தக்க டிஜிட்டல் சான்றுகளுக்கான தரமும் அதே ஆண்டில் வந்தது. ஒவ்வோர் உறுப்பு நாடும் மக்களுக்கு டிஜிட்டல் அடையாளப் பை வழங்க வேண்டும், அதில் வேண்டிய விவரத்தை மட்டும் காட்ட வசதி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டம் இயற்றியது.

இதில் ஒரு சுமையும் உண்டு. சாவி நம் கையில் இருந்தால், அது தொலைவதும் நம் பொறுப்பே. தொலைந்த சாவியைப் பிறர் கைக்குப் போகாமல் மீட்டுத் தருவது இன்றும் கடினமான சிக்கல்தான்.

1966-இன் விபத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் பொதுச் சாவிகள் மட்டும் இருந்திருந்தால், அது ஊரெங்கும் அச்சானாலும் அதைக் கொண்டு எவரும் பிறர் பெயரில் நுழைந்திருக்க முடியாது. வழியை அறிவியல் என்றோ காட்டிவிட்டது. குறைவாகக் கேட்கத் தளங்கள் இசைய வேண்டும். அதை வற்புறுத்த நாமும் கற்க வேண்டும். அடுத்த முறை ஒரு படிவம் உங்கள் பிறந்த நாளைக் கேட்டால், ‘இது எதற்கு?’ என்று ஒரு நொடி சிந்தித்துப் பாருங்கள்.