திராட்சை பறிக்கும் கைகள்



திருப்பலியில் காணிக்கை ஒப்புக்கொடுக்கும்போது, கிண்ணத்தில் உள்ள இரசத்தைக் கொடியின் கனி என்று மட்டும் குரு சொல்வதில்லை. மனித உழைப்பின் பயன் என்றும் சொல்கிறார். காணிக்கைப் பாடல் ஓங்கி ஒலிப்பதால் பல ஞாயிறுகளில் அந்தச் செபம் நம் காதில் விழுவதேயில்லை. அந்த உழைப்பு யாருடையது? நம் மதுரைச் சீமையின் வரலாற்றிலேயே இன்று தேடிப் பார்ப்போம்.

திராட்சை இரசம் வெகுகாலம் இங்குக் கடல் கடந்து வந்த பொருள். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடலிலேயே யவனர் கொண்டுவந்த மது பேசப்படுகிறது. வைகை கடலோடு கலக்கும் பகுதியில், அழகன்குளத்தில், மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன.

1606இல் தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தார். இம்மக்களுள் ஒருவராக வாழ விரும்பிச் சந்நியாசியின் காவி உடுத்தினார், புலாலை விட்டார், மதுவையும் விட்டார். ஆனால் திருப்பலிக்கு மட்டும் அது வேண்டுமே! திராட்சையிலிருந்து பெற்ற, கெட்டுப்போகாத இயற்கை இரசமே வேண்டும் என்பது இன்றும் திருச்சபைச் சட்டம். பதநீரும் இளநீரும் வேண்டிய மட்டும் கிடைக்கும் நாட்டில், பலிபீடத்துக்குரிய சில துளிகளுக்காகக் கடற்கரையை எதிர்நோக்கி இருக்க வேண்டியிருந்தது.

கொடி நம் மண்ணில் வேர்விட்டது பிற்காலத்தில். 1832ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. இயேசு சபையினர் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பி வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய காலம் அது. பின் 1895இல் முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. இன்று கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று ஊர் ஊராகப் பந்தல்கள். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1996இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், அந்த ஊர்கள் நம் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவையே.

பழத்தின் பெரும்பகுதி சந்தைக்கே போகிறது. இரசமாவது சிறு பங்குதான். எங்கே போனாலும் அதைப் பறிப்பது கூலிக்கு வரும் கைகள். ஐரோப்பாவில் அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில். மாணவர்களும் அயல்நாட்டு இளைஞர்களும் சில வாரம் வந்து பறித்து, இரசம் பிழியும் கூடத்திலும் வேலை பழகிவிட்டுத் திரும்புவார்கள். கம்பத்தில் அப்படி ஒரு பருவம் முடிந்தது என்பதே இல்லை. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டம் ஓயும்போது அடுத்த தோட்டம் தயாராக நிற்கும். பந்தலோ தலைக்கு மேலே. அண்ணாந்து பார்த்தபடி, கைகளை உயர்த்தியபடி நாள் முழுதும் நிற்க வேண்டும். குலையின் காம்பைக் கத்தரித்து, பழம் நசுங்காமல் இறக்கி, வெடித்ததையும் அழுகியதையும் நீக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மழை பெய்தால் பழம் வெடிக்கும். பழம் வெடித்தால் உடைமையாளருக்கும் நட்டம்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நட்டத்தில் முதலில் குறைவது எது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி ஒரு தூரத்து நிகழ்ச்சி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் டெலானோ என்னும் ஊர். 1965 செப்டம்பர் 8, வேளாங்கண்ணியில் நாம் அன்னையின் பிறப்பு விழாவைக் கொண்டாடும் அதே நாள். அங்கே திராட்சை பறித்த பிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். எட்டு நாள் கழித்து, குவாதலூப்பே அன்னை ஆலய மண்டபத்தில் கூடிய மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர்கள், செசார் சாவேஸ் என்ற கத்தோலிக்கரின் தலைமையில் அவர்களோடு சேர முடிவெடுத்தார்கள். 1966 தவக்காலத்தில் அன்னையின் கொடியை முன்னே பிடித்து, தலைநகர் சேக்ரமென்டோவை நோக்கி ஏறக்குறைய 300 மைல் நடந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் தோட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் அசைந்து கொடுக்கவில்லை.

அவர்களை அசைத்தது நகரத்தில் பழம் வாங்கியவர்கள். தொலைவிலுள்ள ஊர்களின் குடும்பத் தலைவிகள், கடையில் திராட்சை குவிந்திருந்தும் வாங்காமல் திரும்பினார்கள். பழம் விற்காமல் தேங்கியது. ஆயர்களின் குழு ஒன்று நடுவில் நின்று பேசியது. 1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்து ஆண்டுப் போராட்டம்! பறித்தவர்கள் தனித்து நின்றிருந்தால் அது வென்றிருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதில் மதுரை நகரத்தில் இருக்கும் நமக்கும் பங்கு உண்டு. சந்தையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அந்தப் பத்து ரூபாய் வியாபாரியிடமிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து பந்தலுக்கடியில் அண்ணாந்து நிற்கும் அம்மாவின் கூலிக்கும் போய்ச் சேர்கிறது.

நம் ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழுக் கூலி கிடைத்ததையே நாம் வியந்து பேசுகிறோம். அதற்கு முந்தைய சிறு செய்தி ஒன்று உண்டு: பொழுது சாய்ந்ததும் ஆட்களைக் கூப்பிட்டுக் கூலி கொடு என்று உடைமையாளரே மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். கதிரவன் மறையுமுன் ஏழையின் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற இணைச்சட்ட நூலின் கட்டளை அது. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிட்டு ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்கிறார் திருத்தூதர் யாக்கோபு. அவரும் அறுவடைக்காரரின் கூலியைத்தான் சொல்கிறார்.

இதைக் கேட்கிறவர்களில் தோட்டம் உடையவர்கள் இருப்பீர்கள். அதே தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். ஞாயிறன்று ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறீர்கள். நிலுவைக் கூலி ஏதும் இருந்தால், வருகிற சனிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்கு முன் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.