செனகா ஃபால்ஸ் மாநாடு

அமெரிக்கப் பெண்கள் தங்கள் உரிமைக்கென்றே கூட்டிய முதல் மாநாடு. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரான செனகா ஃபால்ஸில், வெஸ்லியன் தேவாலயத்தில், 1848 ஜூலை 19, 20 ஆகிய நாட்களில் நடந்தது.

தொடக்கம் லண்டனில். 1840இல் அங்கு கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போன லுக்ரீஷியா மாட்டை, பெண் என்பதால் அவையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். கணவருடன் வந்திருந்த எலிசபெத் கேடி ஸ்டான்டன் அவருக்கு அறிமுகமானது அப்போதுதான். எட்டு ஆண்டு கழித்து, ஜூலை 9 அன்று, செனகா ஃபால்ஸ் அருகே வாட்டர்லூவில் ஜேன் ஹன்ட் வீட்டில் தேநீருக்குக் கூடிய, இவ்விருவர் உட்பட ஐந்து பெண்கள் மாநாட்டை முடிவுசெய்தார்கள். பத்தே நாளில் அது நடந்தும்விட்டது.

அன்றைய சட்டத்தின் கண்ணில் மணமான பெண் தனி ஆள் அல்ல. அவள் வாங்கும் கூலியும் கணவனுடையது. மனைவி தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள அந்த ஏப்ரலில்தான் நியூயார்க் மாநிலம் சட்டம் செய்திருந்தது. சம்பாத்தியம் அவள் கைக்கு வர 1860 ஆயிற்று.

முதல் நாள் காலை தேவாலயம் பூட்டிக் கிடந்தது. ஸ்டான்டனின் அக்காள் மகனான சிறுவனை ஜன்னல் வழியே உள்ளே இறக்கிக் கதவைத் திறந்தார்கள். சுமார் 300 பேர் வந்தார்கள். மறுநாள் காலை அமர்வுக்குத் தலைவர் லுக்ரீஷியாவின் கணவர் ஜேம்ஸ் மாட். ஆண்கள் இருக்கும் சபைக்குப் பெண் தலைமை தாங்குவது இந்தப் பெண்களுக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு வாரத்தில் ராச்செஸ்டரில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு அபிகேல் புஷ் தலைமையேற்றபோது லுக்ரீஷியா மாட்டும் ஸ்டான்டனுமே எதிர்த்தார்கள்.

இங்கே வாசித்த ‘உணர்வுகளின் பிரகடனம்’ 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை அப்படியே அடியொற்றியது. அதில் மன்னன்மீது சாட்டிய குற்றங்களின் இடத்தில் இதில் ஆண்மீது சாட்டியவை. வாக்குரிமைத் தீர்மானத்துக்கு மட்டும் தயக்கம். ஊர் சிரிக்கும் என்று லுக்ரீஷியா மாட்டே அஞ்சினார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் ஆதரித்துப் பேசிய பிறகு அது நிறைவேறியது, ஒருமனதாக அல்ல. 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பத்திரிகைகள் கேலிசெய்யவே சிலர் பின்வாங்கிவிட்டார்கள்.

கறுப்பினப் பெண்கள் எவரும் வந்ததாகப் பதிவில்லை. அந்த ஓட்டை பின்னால் பெரிதாயிற்று. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாதென்ற 15ஆவது திருத்தத்தில் பாலினம் இடம்பெறாததால் 1869இல் இயக்கமே இரண்டாக உடைந்தது. ஸ்டான்டன் அப்போது பேசியவற்றில் இனவெறி வெளிப்படையாகவே இருந்தது. இரு அணிகளும் சேர 1890 வரை பிடித்தது.

பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது திருத்தம் 1920 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திட்ட பெண்களில் அன்று உயிரோடிருந்தவர் சார்லட் உட்வர்ட் ஒருவரே. 1848இல் கையுறை தைத்துக்கொண்டிருந்த இளம்பெண். அந்த நவம்பர் தேர்தலன்று உடம்புக்கு முடியாமல், அவரால் வாக்குச்சாவடிக்குப் போக முடியவில்லை.